எல்லோரும் எழுதக்கூடிய கோப்பு

ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். பழைய சேர்வரை நிறுத்தப் போகிறார்களாம். அதிலுள்ள ஸ்கிரிப்டுகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். "மிஸ், எல்லா ஸ்கிரிப்டுக்கும் தலைமாட்டில ஒரே நாலு வரி கிடக்கு. அது என்னத்துக்கு? எடுத்துப் போட்டாலும் வேலை செய்யுதே" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேனே தவிர ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாலு வரியை எழுதிய நாட்களில் நடந்தது எனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. டைப்பிங், பிறகு ஒரு டிப்ளோமா, பிறகு கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளர் விபரம் அடிக்கிற வேலை. அங்கேயே கிடந்து கிடந்து கடைசியில் சேர்வர் அறைச் சாவி என் கைப்பைக்குள் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட கதை யாருக்கும் பிரயோசனமில்லை.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் நஜீப் சேர். அவருடைய மேசையில் கீபோர்டை எப்போதும் சுவர்ப்பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார். யாராவது ஒரு ஸ்கிரிப்டை எழுதிக்கொண்டு போனால் திரையைப் பார்க்கவே மாட்டார். காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவரச் சொல்வார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, பாலில்லாத பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ம், வாயால சொல்லு" என்பார். ஒவ்வொரு கட்டளையையும் தமிழில் சொல்ல வேண்டும். 'இந்தக் கோப்பை அழி' என்று நான் சொன்னால், "யாரு அழிக்கிற? யாருட கோப்பை? அது அங்க இல்லாட்டி என்ன செய்யிற?" என்று கேட்பார். குரல் உயராது, அவசரமும் இராது. எனக்கோ எரிச்சல் மண்டைக்கு ஏறும். வேலை செய்கிற ஸ்கிரிப்டைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவிக்கச் சொல்கிறாரே என்று வீட்டில் போய் ஏசுவேன். ஆனால் வாயால் சொல்லும்போது நாலில் ஒரு தடவையாவது நாக்குத் தடுக்கும், தடுக்கிய இடத்தில் பிழை இருக்கும். அதனால் இன்னும் எரிச்சல் கூடும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்திவிடுகிறேன். ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கிற கட்டளைகள், அவ்வளவுதான். எங்கள் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அப்படியொரு ஸ்கிரிப்டில்தான் ஓடியது. ஆய்வுகூட இயந்திரம் கொட்டுகிற குப்பைக்குள்ளிருந்து அந்த நோயாளியின் எண்களை மட்டும் பொறுக்கி, /tmp என்கிற பொது இடத்தில் mudivu என்ற பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பாக வைக்கும். பிறகு மேலே நோயாளியின் பெயரைப் போட்டு, கீழே அந்தக் கோப்பிலிருக்கும் எண்களைப் போட்டு அச்சடிக்கும். கடைசியில் கோப்பை அழித்துவிடும். சேர்வர் கிழடு என்பதால் எண்களைப் பொறுக்கவே சில விநாடி எடுக்கும்.

கவுண்டர் இரண்டு. ஒன்று முன்பக்கம், மற்றது பெண்களுக்கு. இரண்டுக்கும் வேறு வேறு லொகின். ஒரு கோப்பை யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று லினக்ஸில் அனுமதி உண்டு. முன் கவுண்டர் உண்டாக்கிய கோப்பில் பெண்கள் கவுண்டர் கை வைக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்பக்கம் பிரிண்டரில் காகிதம் சிக்கி ஸ்கிரிப்ட் பாதியில் செத்துப்போனால், அதன் mudivu கோப்பு அழிபடாமல் அங்கேயே கிடக்கும். பெண்கள் கவுண்டரில் அழுத்தினால் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், எழுத முடியாவிட்டால் நில் என்று அந்த இடத்தில் மட்டும் போட்டிருந்ததால் வேலை நிற்கும். கவுண்டர் பிள்ளை ஓடி வருவாள். "மிஸ், திரும்பவும் டினைட் எண்டு வருது. வரிசையில நிக்கிறவங்க என்னைத் தின்னுறாங்க." நான் போய்ப் பழைய கோப்பை அழித்துவிட்டு வருவேன். இது வாராவாரம் நடக்கிற தொல்லை. ஒரு கட்டத்தில் அந்தத் தொல்லை தானாக நின்றுவிட்டது. சேர் ஏதோ பார்த்தாராம் என்றார்கள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு நோன்பு மாதம் வந்தது.

நோன்பில் பத்து நாள் கழிந்திருக்கும். சிறுநீரக டொக்டர் என்னைக் கூப்பிட்டு மேசையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் சவளக்கடை யோகம்மா என்று இருந்தது, மற்றதில் மருதமுனை பௌசியா. இரண்டும் நோன்பின் முதல் நாளான தலைநோன்பு அன்று மாலை அச்சடித்தவை.

"எண்களை வாசிங்க மிஸ்."

வாசித்தேன். கிரியேற்றினின், யூரியா, பொட்டாசியம், எல்லாமே புள்ளி தப்பாமல் ஒன்று.

"ஒண்டு ரெண்டு ஒத்துப்போகலாம். எல்லாமே ஒத்துப்போக ஏலாது. இதில ஒண்டு பொய்" என்றார் டொக்டர்.

"எது டொக்டர்?"

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடுறன்?"

பிறகு டொக்டரே விளக்கினார். இரண்டும் சுகமான ஆளின் எண்கள். பௌசியாவுக்குக் கனகாலமாக நீரிழிவு என்கிற சீனி வருத்தம், காலிலும் வீக்கம். நோன்பு பிடிக்கலாமா என்று கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார். இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பிடியுங்கள், விடியுமுன் ஸஹர் நேரத்தில் தண்ணீரை நன்றாகக் குடியுங்கள் என்று டொக்டர் அனுப்பியிருக்கிறார். காகிதம் பொய் என்றால், பழுதான சிறுநீரகத்தோடு ஒரு மனுசி பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறார், அதுவும் எங்கள் பேச்சைக் கேட்டு.

யோகம்மா மகனின் மோட்டார் சைக்கிளில் அன்றே வந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தோம். பழைய எண்ணுக்குக் கிட்டவே வந்தது. "அப்ப எனக்கு ஒண்டும் இல்லைத்தானே மிஸ்?" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் இல்லையென்றால் பொய்யானது பௌசியாவின் காகிதம். பௌசியாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நஜீப் சேர் எழும்பி வெளியே போய் ஓட்டோவை மறித்தார். நானும் ஏறினேன்.

மருதமுனையில் வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனபோது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்திருந்தது. பௌசியா ராத்தா தறியில் இருந்தார். ராத்தா என்றால் அக்கா. தறிச் சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும்? தறிக் குழிக்குள் மிதியில் இருந்த பாதங்களைப் பார்த்தேன். கணுக்காலே தெரியாத அளவுக்கு வீங்கி மினுங்கின.

"ராத்தா, உங்கட ரிப்போர்ட்டில பிழை இரிக்கி. திரும்ப ரத்தம் எடுக்கணும். சுறுக்கா வாங்க."

"என்ன பிழை? நல்லமெண்டுதானே டொக்டர் சொன்னாரு."

"அந்த எண் உங்கட இல்ல."

"அப்ப யாருட?"

"சவளக்கடையில ஒரு அம்மாட."

அவர் கையில் இருந்த, நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தார். "அவட எண் எப்பிடி என்ட பேப்பருக்குள்ள வந்த?"

"அதுதான் எங்களுக்கும் விளங்கல்ல."

"விளங்காமத்தான் ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வாசலில் நின்ற நஜீப் சேர் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலில் தண்ணீர் குடியுங்கள் என்றேன். "நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தானே கிடக்கு? இத்தனை நாள் பிடிச்சிட்டு இப்ப முறிக்கவா?" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. விட்ட நோன்பைப் பிறகொரு நாள் பிடித்துக் கொடுப்பதை நாங்கள் களா என்போம். "நோன்பைக் களாச் செய்யலாம் ராத்தா, கிட்னியைக் களாச் செய்ய ஏலா" என்று கத்திவிட்டேன். அதற்கும் அவர் குடிக்கவில்லை. நோன்போடுதான் ஓட்டோவில் வந்தார், நோன்போடுதான் இரத்தம் கொடுத்தார். ஆய்வுகூடத்து நீள மரவாங்கில் இருந்தபடி பாங்கு கேட்டபிறகுதான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்.

முடிவைப் பார்த்த டொக்டர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அன்றே வார்டில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். நோன்பு பிடித்ததாலா இப்படியானது என்று நான் டொக்டரைக் கேட்டேன். "முந்தியே பழுதாகித்தான் இருந்திருக்கும். நோன்பு கூட்டியும் இருக்கலாம். எவ்வளவு எண்டு யாராலயும் சொல்ல ஏலா" என்றார்.

மறுநாள் காலையில் சேர் ரிப்போர்ட் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார். இயந்திரத்தின் திரையிலிருந்து ஒருவர் எண்ணைக் கையால் எழுத வேண்டும், இன்னொருவர் திரையைப் பார்த்து உரத்து வாசித்துச் சரிபார்க்க வேண்டும். அந்த நோன்பில் ரிப்போர்ட் வாங்கிய எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "காரணத்தைத் தேடு" என்றார்.

தேடினேன். அதே இரண்டு பெயர், அதே இரண்டு மாதிரி, அதே ஸ்கிரிப்ட். நடுப்பகலில் ஓட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. முன் கவுண்டரில் ஓட்டினாலும் சரி, பெண்கள் கவுண்டரில் ஓட்டினாலும் சரி. இயந்திரத்தைச் சந்தேகித்தேன், அது நல்லமாக இருந்தது. பிரிண்டரைச் சந்தேகித்தேன், அதில் என்ன இருக்கிறது பாவம். பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தேன். சேர்வர் அறையில் ஜின் இருக்கிறது, குர்ஆனில் ஒரு ஸூரா ஓதி ஊதுங்கள் என்று வாசல் காவலாளி சொன்னார். அவரை ஏசி அனுப்பினேன். ஆனால் அடுத்த தடவை சேர்வரைப் போடும்போது அல்லாஹ்வின் பெயரால் என்கிற பிஸ்மியைக் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

ஒரு மாலை களைத்துப்போய்க் கவுண்டருக்குப் பின்னால் கதிரையில் விழுந்து கிடந்தேன். நோன்பு திறக்கக் கிட்டிய நேரம். மற்ற மாதங்களில் ரிப்போர்ட் பகல் முழுக்க ஒவ்வொன்றாகப் போகும். நோன்பிலோ டொக்டர்மார் அஸருக்குப் பிறகுதான் இருப்பார்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு சூரியன் மறையும் மஃரிபுக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள். கவுண்டர் பிள்ளைகளுக்கும் நோன்பு திறக்கிற கஞ்சிக் கோப்பை காத்துக்கொண்டிருக்கும். ஒருத்தி இந்தப் பக்கம் ஒரு காகிதத்தை நீட்டுகிறாள், மற்றவள் அந்தப் பக்கம் அதே கணத்தில் நீட்டுகிறாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதுகு நிமிர்ந்தது. நான் எல்லாவற்றையும் சோதித்தேன், இரண்டு பேரையும் ஒன்றாக அழுத்தச் சொல்லித்தான் சோதிக்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு பிள்ளைகளையும் இருத்தி, நான் கைதட்டும்போது அழுத்துங்கள் என்றேன். முதலில் சரியாக வந்தது. திரும்பவும் சரியாக வந்தது. அடுத்த தட்டுக்கு இரண்டு காகிதம் வந்தது, பெயர் இரண்டு, எண் ஒன்று. பௌசியாவின் எண்கள் கோப்பில் விழுந்து, அவை அச்சுக்குப் போவதற்குள், முன் கவுண்டரில் மகன் கேட்டு நின்ற யோகம்மாவின் எண்கள் அதே கோப்பின் மேல் விழுந்திருக்கின்றன. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான்.

ஆனால் குழப்பம் தீரவில்லை, கூடியது. ஒரு கவுண்டரின் கோப்பில் மற்றக் கவுண்டர் எழுத முடியாதே. இரண்டாவது ஆளை 'டினைட்' என்று அது மறித்திருக்க வேண்டுமே. ஏன் மறிக்கவில்லை? ஸ்கிரிப்டை அச்சடித்துக்கொண்டு சேரிடம் போனேன். நோன்பு என்பதால் பிளேன்டீ இல்லாத மேசை வெறுமையாக இருந்தது.

"வாயால சொல்லு" என்றார்.

"இயந்திரம் தந்ததில இந்த ஆளுட எண்ணைப் பொறுக்கி mudivu கோப்பில எழுது. முந்தி எழுதினது இருந்தா அழிச்சிட்டு எழுது."

"அடுத்தது?"

அடுத்த வரி chmod 666 என்று தொடங்கியது. "இந்தக் கோப்பை யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம்."

"திருப்பிச் சொல்லு."

"யாரும் எழுதலாம் சேர். ஒருத்தர் எழுதினதுக்கு மேல மற்றவர் எழுதலாம்."

அவர் காகிதத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். "இந்த வரி நான் போட்ட" என்றார். "வரிசையில நிண்ட பொம்புளைகள் ஏசினாங்க. டிரெக்டர் எல்லாருக்கும் முன்னால ஏசினாரு. அந்த டினைட் வராம இருந்தாப் போதும் எண்டு போட்ட."

"வாயால சொல்லிப் பார்க்கல்லயா சேர்?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"இல்ல" என்றார்.

எல்லோரும் தொல்லை என்று திட்டிய அந்த 'டினைட்' தான் இத்தனை காலமும் ஒருவரின் எண்ணில் மற்றவரின் எண் விழாமல் காத்திருக்கிறது. அதை ஆஸ்பத்திரியில் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் கேட்ட நாலு வரி அதற்குப் பிறகு வந்தவைதான். set -e, ஒரு கட்டளை தோற்றால் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்ததற்குப் போகாதே, அங்கேயே நில். umask 077, இனி உண்டாக்கும் கோப்பு எதையும் என்னைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. மூன்றாவது mktemp, கோப்புக்கு நாமாகப் பெயர் வைப்பது அதோடு நின்றது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு எதற்கும் இல்லாத ஒரு பெயரில் அதுவே ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கித் தரும். இரண்டு பிள்ளைகள் ஒரே கணத்தில் அழுத்தினாலும் இரண்டு கோப்பு. நாலாவது trap. ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தாலும் பாதியில் விழுந்தாலும் போகும்போது தன் கோப்பை அழித்துவிட்டுப் போ என்பது அதன் பொருள். அது ஒன்று முதலிலேயே இருந்திருந்தால் பழைய கோப்பு கிடந்து மறிக்கிற தொல்லையும் வந்திராது, அந்த 666க்கும் தேவை வந்திராது. இந்த நாலையும் சேர் என்னைச் சொல்ல வைத்தார். பிறகு தானும் எனக்கு முன்னால் ஒருமுறை சொன்னார்.

பெருநாள் கழிந்து சேர் பௌசியா ராத்தாவைப் பார்க்கப் போனார். தனியே போகத் தைரியமில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் ராத்தா படுத்திருந்தார். சேர் உட்காரவில்லை.

"அந்தப் பிழையைச் செஞ்சது நான்தான் தங்கச்சி. கொம்பியூட்டர் இல்ல, கவுண்டர் புள்ளைகளும் இல்ல. நீங்க மன்னிக்காட்டியும் சொல்லணும் எண்டு வந்த."

பௌசியா ராத்தா குழாயில் ஓடுகிற தன் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "சரியான பேப்பர் வந்திருந்தா மட்டும் நான் நோன்பை விட்டிருப்பனா சேர்? விட்டிருக்க மாட்டன். வருத்தம் எண்டு சொல்லி நான் ஒரு நோன்பும் விட்டதில்ல. போய் வேலையைப் பாருங்க."

வெளியே வந்ததும் சேர் என்னிடம் கேட்டார். "உண்மையைச் சொல்றாவா, எனக்காகச் சொல்றாவா?"

"தெரியா சேர்."

சேர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் போனில் எத்தனையோ தடவை அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். நான் அந்தக் கேள்வியை வீட்டில், பஸ்ஸில், தொழுகை விரிப்பில் எல்லாம் உருட்டிப் பார்த்துவிட்டேன். ராத்தா சொன்னது உண்மையென்றால் எங்கள் காகிதத்தால் ஒன்றும் மாறவில்லை. இரக்கத்துக்குச் சொன்னதென்றால் எல்லாமே மாறியிருக்கிறது. இரண்டில் எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை.

அடுத்த நோன்பு வந்தது. ஒரு நாள் ராத்தாவைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தாதி பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். ராத்தா கோப்பையை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட்டார். உதடு வெடித்திருந்தது.

"ராத்தா, நோன்பா?"

"மெதுவாக் கதை. டொக்டருக்குத் தெரியா."

"அப்ப அண்டைக்கு சேருக்கு நீங்க சொன்ன உண்மைதானா?"

"என்ன சொன்னன்?"

சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்பிடியா சொன்னன்? ஊசி குத்தின வலியில என்னத்தக் கதைச்சனோ, ஆருக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பதா சுவரில் முட்டுவதா என்று தெரியவில்லை. ஒரு வருசமாக இரண்டு பேர் தூக்கம் கெட்டது இதற்குத்தானா என்று நினைத்தேன். எழும்பினேன்.

"எங்க போற?"

"டொக்டரிட்ட."

கையைப் பிடித்துக்கொண்டார். "போகாத புள்ள. இது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது."

"அதை அவனோட கதைங்க ராத்தா. உங்கட ரத்தத்தில என்ன நடக்குதெண்டு டொக்டருக்குச் சரியாத் தெரியணும். பிழையான தகவலோட உங்களை ஒருக்கா நோன்பு பிடிக்க விட்டது போதும்."

போய்ச் சொன்னேன். டொக்டர் வந்து ஏசினார். தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடிக்க வைத்தார். ராத்தா குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஸலாம் சொன்னேன், பதில் வரவில்லை.

அதன் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. பெரியாஸ்பத்திரி வாசலில் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போவார். இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மகளிடம் இறைச்சி கொடுத்தனுப்பியிருந்தார். உம்மா என்ன சொன்னா என்று அவளைக் கேட்டேன். "ஒண்டும் சொல்லல்ல மிஸ். குடுத்திட்டு வா எண்டா. உங்களோட இன்னும் கோபம்தானாம்."

இருக்கட்டும். கோபிக்கவாவது ராத்தா உயிரோடு இருக்கிறார்.